சீரோடு போன மூங்கில்

மூன்றாவது தட்டில் ஏழாவதாக இருந்த பாட்டிலைக் கையில் எடுத்த மங்கையர்க்கரசி, அதைத் திருப்பி வைக்கவில்லை.

பூசணமாக இருந்தால் பரவாயில்லை. ஆய்வுக்கூட வேலைக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவள் பயப்படப் பழகியிருந்தது இரண்டே விஷயங்களுக்குத்தான். ஒன்று பூசணம், இன்னொன்று கரண்ட் போவது. இது இரண்டும் இல்லை. இலை விரிய வேண்டிய நுனியில் நெல்மணி மாதிரி நாலைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றன. சப்பையாக, பச்சையாக. ஒன்றின் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் தொங்கியது.

அம்பகரத்தூரில் வயலுக்கு நடுவில் பிறந்தவளுக்கு நெற்பூ தெரியாமல் இருக்குமா? மூங்கிலும் புல் ஜாதிதான், அதன் பூவும் நெற்பூ மாதிரிதான் இருக்கும் என்று காலேஜில் படித்திருக்கிறாள். படித்தபோது அது இரண்டு மார்க் கேள்வி. இப்போது கையில் இருந்தது.

"என்னடி, பாட்டிலை வச்சுக்கிட்டு மலைச்சுப்போய் நிக்கிற? பூசணமா?" என்று கேட்டாள் ஆரிபா. பாட்டில்களுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுகிறவள் அவள்தான்.

"ஆமாக்கா. பூசணம்."

அதுதான் முதல் பொய். பாட்டிலைக் கழுவப் போகிறவள் போல வெளியே எடுத்துப் போய்த் தன் பைக்குள் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்திலேயே '3 - நெடுங்காடு' என்று எழுதியிருந்தது.

காரைக்காலில், பிரெஞ்சுக்காரன் காலத்துக் தடித்த சுவர் வைத்த வீடு ஒன்றில்தான் அந்த ஆய்வுக்கூடம் நடந்தது. நடத்தியவர் டாக்டர் சண்முகசுந்தரம். ஊசி போடும் டாக்டர் இல்லை, செடி டாக்டர். நன்றாக வளர்ந்து முதிர்ந்த மூங்கில் புதரின் பக்கக் கிளையிலிருந்து விரல் நீளத்துக்குக் கணுவை வெட்டி, மருந்தில் கழுவி, பாட்டிலுக்குள் கடற்பாசிக் கூழில் நட்டு, ராப்பகலாக டியூப்லைட் வெளிச்சத்தில் வைப்பார்கள். கணு துளிர்க்கும். துளிரைப் பிரித்தால் நாலு பாட்டில். நாலும் துளிர்த்தால் பதினாறு. இரண்டு வருஷத்தில் அது இரண்டாயிரத்து நானூறு கன்றாகிப் பின்கட்டில் பச்சை வலைக்கு அடியில் நின்றது. வருகிற வியாழக்கிழமை மண்டபத்தூரில் அவற்றை வீட்டுக்கு வீடு கொடுப்பதாக ஏற்பாடு. வடிகால் கரையை அரிப்பு தின்னாமல் மூங்கில் பிடித்துக்கொள்ளும் என்று அந்த ஊர்க்காரர்கள் குழி வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

முதிர்ந்த புதரில் எடுப்பதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. எது தடிமனாக வரும், எது நேராக வரும் என்று கண்ணால் பார்த்தே எடுக்கலாம். அது வசதி. ஆனால் மூங்கில் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும், பூத்தால் செத்துப்போகும். அந்தக் கெடு என்றைக்கு என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

"கணு சின்னதா இருக்கலாம். ஆனா அதுக்கு வயசு தாயோட வயசுதான். தாய் பூத்தா அதுவும் பூக்கும், எங்க இருந்தாலும் பூக்கும்," என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "அதனால அஞ்சு ஊர்ல அஞ்சு புதர் பாத்து எடும்மா. ஒண்ணு போனாலும் நாலு நிக்கணும்."

மங்கை எடுத்தாள். முன்பின் தெரியாதவள் கத்தியோடு கொல்லைக்குள் நுழைந்தால் யார் விடுவார்கள்? சொந்தக்காரர் வீடுகளாகப் பார்த்துப் போனாள். ஒன்று, அம்பகரத்தூரில் தன் வீடு. இரண்டும் மூன்றும் நாலும் அவளுடைய மூன்று அத்தைகள் வீடு: நிரவி, நெடுங்காடு, விழிதியூர். ஐந்தாவது கோட்டுச்சேரியில் அவள் அக்கா அல்லி வாழ்க்கைப்பட்ட வீடு. ஐந்தும் ஒன்றுக்கொன்று சளைக்காத மூங்கில். "எங்கேர்ந்து பிடிச்சே இதையெல்லாம்?" என்று டாக்டர் அசந்துபோனார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் வருவதற்கு முன்னால் வந்து தட்டுத் தட்டாகத் தேடினாள். கடவுளே, அந்த ஒன்றோடு போகட்டும், நெடுங்காட்டோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினாள். ஐந்தாம் தட்டில் இன்னொரு பாட்டில் பூத்திருந்தது. '5 - கோட்டுச்சேரி.'

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

அவர்கள் வீட்டில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் கொல்லை மூங்கிலில் ஒரு கிழங்கைத் தோண்டிச் சீரோடு அனுப்புவது வழக்கம். போகிற வீட்டில் வேலிக்கு ஆகும், மாட்டுக்கொட்டகைக்கு ஆகும். பெரியத்தை போனபோது நிரவிக்குப் போயிற்று. நடு அத்தையோடு நெடுங்காட்டுக்கு, சின்னத்தையோடு விழிதியூருக்கு. ஐந்து வருஷத்துக்கு முன் அல்லி போனபோது கட்டிலும் பீரோவும் ஏற்றிய வேனில் அந்தக் கிழங்கை வைக்கோலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனவளே மங்கைதான். புதுப் பாவாடையெல்லாம் சேறாகி அம்மாவிடம் திட்டு வாங்கியது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

அத்தனையும் தெரிந்தவள்தான் ஐந்து சீட்டு எழுதினாள். கட்டிக் கொடுத்த பெண் வேறு வீட்டுக்காரி என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு, அவள் காதிலும் பிறந்ததிலிருந்து அதுதான் விழுந்திருக்கிறது. பெண் வேறு வீடு என்றால் பெண்ணோடு போன மூங்கிலும் வேறு மூங்கில். அப்படித்தான் அவள் புத்தி கணக்குப் போட்டது. பி.எஸ்ஸி. தாவரவியல் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஐந்து ஊர், ஐந்து சீட்டு, ஒரே புதர்.

மண்டபத்தூர் கன்றுகளை நினைத்துப் பயந்தாள். முழங்கால் உயரக் கன்று வீட்டுக்கு வீடு பூத்துக் கருகினால் அந்த ஜனங்கள் என்ன நினைப்பார்கள்! மூங்கில் பூத்த வீட்டில் உயிர் போகும் என்று நம்புகிற ஊர் இது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது அல்லியைப் பற்றியது.

அல்லிக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவை, துக்கம் கேட்க வந்த நாலு பேர் இருக்கும்போதே அவள் மாமியார் சின்னப்பிள்ளை, "ஒங்க வூட்டுலேருந்து என்னத்தக் கொண்டாந்தியோ, இங்க ஒண்ணும் தங்க மாட்டேங்குது" என்று சொன்னாள். மங்கை அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். அல்லி அந்த வீட்டுக்குக் கொண்டுபோன மூங்கில் இந்த நேரம் பார்த்துப் பூத்தால் சின்னப்பிள்ளை அவளை ஒரு நாள் வைத்திருப்பாளா? மூட்டை கட்டி அனுப்பிவிடுவாள். அந்த அதிர்ச்சியிலேயே வயிற்றில் இருப்பது கலைந்துவிடும். மங்கை இதைத் திரும்பத் திரும்ப நினைத்தாள். நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

வளர்ச்சிக்காகக் கூழில் கலக்கும் இளநீரால்கூடச் செடி அவசரப்பட்டுப் பூத்திருக்கலாம், கொல்லையில் இருக்கும் புதர் பச்சையாக, நன்றாக இருக்கலாம் என்று ஒரு சின்ன ஆசை மிச்சமிருந்தது. அதைப் பார்த்துவிடத்தான் ஞாயிற்றுக்கிழமை பத்து நார்த்தங்காயும் ஒரு டப்பா முறுக்குமாகக் கோட்டுச்சேரிக்குப் பஸ் ஏறினாள்.

அல்லி முகம் வெளுத்திருந்தாள். தங்கையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அத்தை கொல்லைப்பக்கம் தலை காட்டவே வுட மாட்டேங்கிறாங்கடி. பன்னெண்டு நாளாச்சு. துணி காயப்போடக்கூட வாசல்லதான். அவுகளுக்கு என்னைக் கண்டாலே ஆவல போலருக்கு. அவர்கிட்ட சொன்னா, அம்மா சொன்னா கேட்டுக்கன்னுட்டு சங்கத்து வேலைக்குக் கிளம்பிடுறாரு."

மங்கை எழுந்து கொல்லைக்கதவை நோக்கி நடந்தாள். நாலடி வைப்பதற்குள் சின்னப்பிள்ளை குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போற?"

"கை கழுவ, அத்தை."

"இங்கயே செம்புல தர்றேன். கொல்லையில பாம்பு நடமாட்டம்."

செம்பை நீட்டிய கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல்கள். பழையதும் புதியதுமாக, சில இன்னும் ரத்தம் காயாமல் இருந்தன. மங்கை தண்ணீரை வாங்கிக் கையைக் கழுவினாள். இந்தப் பொம்பளை என்ன செய்துகொண்டிருக்கிறாள்? வேலியில் எதையாவது புதைக்கிறாளா, மந்திரிக்கிறாளா?

வாசலில் மீன்காரி குரல் கேட்டு சின்னப்பிள்ளை அந்தப் பக்கம் போனாள். அல்லி சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். மங்கை கொல்லைக்கதவின் தாழை மெல்ல இழுத்து வெளியே வந்தாள்.

புதர் ஓங்கி நின்றது. கைக்கு எட்டிய கிளைகளில் பூ என்று ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அப்புறம்தான் தரையைப் பார்த்தாள். மூங்கிலடி என்றால் சருகு மண்டிக் கிடக்கும். இங்கே சாணி தெளித்த வாசல் போலத் தரை துப்புரவாக இருந்தது. கொட்டகைச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. அதன் பக்கத்தில் நீளமான தொரட்டி. மூலையில் சாம்பல் குவியல். மங்கை குந்தி உட்கார்ந்து அந்தச் சாம்பலைக் கிளறினாள். பாதி கருகியும் கருகாமலும் நெல்மணி மாதிரி அடுக்கடுக்காக வந்தது. ஒரு கை அள்ளினாள். இன்னொரு கை அள்ளினாள். அத்தனையும் பூ.

"பாத்துட்டியா?"

பின்னால் சின்னப்பிள்ளை நின்றாள். எப்போது வந்தாளோ, தொரட்டி அவள் கையில் இருந்தது. மங்கை கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

"சத்தம் போட்டுறாத ஆயி," என்றாள் சின்னப்பிள்ளை. "அவ காதுல வுழுந்துடும்."

தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அருகில் பார்த்தபோதுதான் அவள் தூங்கிப் பல நாளானது முகத்தில் தெரிந்தது.

"பன்னெண்டு நாளா பறிக்கிறேன். விடியறதுக்கு முந்தி ஏறி, அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள பறிச்சுக் கொளுத்திடுறேன். பறிக்கப் பறிக்க வருது. எங்க ஊருல நான் பாவாடை கட்டுன வயசுல ஒரு வூட்டுல பூத்துது. அந்த வருசமே அந்த வூட்டுப் புள்ளத்தாச்சி..." மேலே சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "பூவு விரிஞ்சாத்தான் பூத்ததாக் கணக்கு. விரியவே வுடலன்னா ஒண்ணும் ஆவாதுல்ல? நீ படிச்சவ, சொல்லு. ஆவாதுல்ல?"

மங்கைக்கு வேறு ஒன்று வாயில் வந்தது. "அன்னிக்கு நீங்கதானே அத்தை, எங்க வீட்லேர்ந்து என்னத்தைக் கொண்டாந்தியோன்னு அக்காவை..."

"சொன்னேன். எந் நாக்கை இழுத்து வச்சு அறுக்க. அந்த ஆத்தாமைல சொல்லிப்புட்டேன். இப்ப அந்தச் சொல்லே எழுந்து வந்து கொல்லையில நிக்குதோன்னுதான் பயமா இருக்கு." கீறல் விழுந்த கையால் மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. எம் மவனுக்கே தெரியாது. ஒங்க ஆபீசு ஜீப்பு ஒண்ணு இங்க வந்து நின்னாப் போதும், தெருவே பின்னாடி வந்து நிக்கும். நாலு மாசம் ஆயி. புள்ள பொறந்துடட்டும். அப்பறம் இது எரிஞ்சு போனாலும் போவட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது மங்கைக்கு வந்த பயம் போகும்போது இருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சின்னப்பிள்ளையைக் கண்டு பயந்தது சுலபம். இப்போது சின்னப்பிள்ளைக்காகவும் பயப்பட வேண்டியிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் வியாழக்கிழமை மண்டபத்தூரில் அத்தனை வீட்டிலும் இதே பூ. அந்த வீடுகளில் பிள்ளைத்தாச்சிகள் இல்லையா? திறந்தால் ஜீப் கோட்டுச்சேரிக்குப் போகும்.

திங்கட்கிழமை காலை இரண்டு பாட்டில்களையும் டாக்டர் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் முகம் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கிய பையன் முகமாக மாறிற்று. "பாட்டிலுக்குள்ளயா! இதை யாரும் நம்ப மாட்டாங்க மங்கை!" என்றார். அப்புறம் சீட்டுகளைப் படித்தார். முகம் அணைந்துபோயிற்று.

"மூணும் அஞ்சுமா? ரெண்டு புதர் எப்படி ஒரே சமயத்துல? நெடுங்காட்டை அப்பறம் பாத்துக்கலாம், கோட்டுச்சேரி கிட்டத்துலதான் இருக்கு. புதரைப் பாத்தாத் தெரிஞ்சிடும். வா." ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"போக வேணாம் சார்."

"ஏன்?"

நடந்ததை நடந்தபடி சொன்னால் அவர் மன்னிக்கவும் கூடும். தெரியாமல் செய்த பிழைதானே, சீர், வழக்கம் என்று எடுத்துச் சொல்லலாம். சொன்னால் ஐந்து வீட்டையும் போய்ப் பார்க்காமல் அவர் ஓய மாட்டார். அவர் வேலை அது.

"அஞ்சும் ஒரே புதர் சார். எங்க வீட்டுக் கொல்லையில வெட்டுனது. அலையறதுக்குச் சோம்பல்பட்டு, ஊர்ப் பேரை நானா எழுதிட்டேன்."

டாக்டர் சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். "அந்தப் புதரையாவது காட்டு."

"போன வருஷம் போர் போடறதுக்காக அப்பா வேரோட எடுத்துட்டாங்க சார்." இது நிஜம்தான்.

"ரெண்டு வருஷம், மங்கை," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். மெதுவாகத்தான் சொன்னார். "தெரியாம செஞ்சிருந்தா வேற. சீட்டுல பொய் எழுதுறவளை நான் எப்படி வச்சுக்கிறது? நாளைலேர்ந்து வராத. மண்டபத்தூருக்கு நானே ஆள் அனுப்பி நிறுத்திடுறேன். போறதுக்குள்ள பாட்டிலையெல்லாம் குக்கர்ல ஏத்தி அவிச்சுடு."

ஆளுயரக் குக்கர் ஆய்வுக்கூடத்தின் பின்னால் இருந்தது. பாட்டில் பாட்டிலாக அவளும் ஆரிபாவும் அடுக்கினார்கள். மூடியை முறுக்கிவிட்டு ஆரிபா நிமிர்ந்தாள்.

"ஏண்டி, நீ நெடுங்காட்டுலேர்ந்து கணு கொண்டாந்த அன்னிக்கு பஸ் டிக்கெட்டை ஈரத் துணியில ஒட்டிக்கிட்டு வந்தே. நாந்தான் உரிச்சு எடுத்தேன். சோம்பல்பட்டியாமே? யார்கிட்ட கதை வுடுற?"

"விட்டுடுக்கா."

ஆரிபா அவள் முகத்தைப் பார்த்தாள். திரும்பிச் சுவிட்சைப் போட்டாள். குக்கர் உஸ்ஸென்று கத்த ஆரம்பித்தது.

வேலை போனதில் ஒரு சௌகரியம் இருந்தது. அக்காவுக்குப் பிள்ளைப்பேறு ஆகும் வரை ஒத்தாசையாக இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மங்கை கோட்டுச்சேரிக்கு வந்துவிட்டாள். அல்லிக்கு ஒரே சந்தோஷம். அதைவிட அதிசயம், மாமியாரும் தங்கையும் ஒருவரை ஒருவர் விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டது. இது எப்போது நடந்தது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

கிழக்கு வெளுக்கும்போது சின்னப்பிள்ளை ஏணியில் ஏறுவாள். மங்கை கீழே நின்று பிடித்துக்கொள்வாள். விழுகிறதை முறத்தில் அள்ளிக் கொளுத்துவாள். முதல் நாள் அரை முறம் இருந்தது. பத்தாம் நாள் மூன்று முறம். இலை வர வேண்டிய இடமெல்லாம் பூவாக வந்துகொண்டிருந்தது. தொரட்டிக்கு எட்டாத உச்சியில் ஏற்கெனவே பழுப்பு ஏறிவிட்டது. இந்தப் பூவைப் பறித்து யாரும் நிறுத்தியதில்லை என்று மங்கைக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு பூ தரையில் தங்க விடவில்லை. சின்னப்பிள்ளை விட்டதைக்கூட அவள் தேடிப் பொறுக்கினாள். படித்தவளின் கை படிக்காதவளின் கையைவிட வேகமாகப் பொறுக்கியது.

"மங்கை! கொல்லையில ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" உள்ளேயிருந்து அல்லியின் தூக்கக் குரல் வந்தது.

"முருங்கைக்கீரை பறிக்கிறோம் கண்ணு," என்று ஏணிமேலிருந்து சின்னப்பிள்ளை குரல் கொடுத்தாள். "நீ எழுந்திரிக்காத. இன்னும் சித்த படு."

பிறகு குனிந்து கிசுகிசுத்தாள். "ஏண்டி ஆயி, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் இது?"

புதர் காய்ந்து கட்டையாகும் வரை வரும். பிள்ளை பிறக்கிற ஆனி வரைக்கும் வரலாம், ஆனியைத் தாண்டியும் வரலாம்.

"கொஞ்ச நாள்தான் அத்தை," என்றாள் மங்கை. ஏணி நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே நிற்பவள் நடுங்குகிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் நடுக்கம் அதிகமாயிற்று.